பாரசீக நீளக் கம்பளம்: நடுவில் நீலம் மாறியிருப்பது குறையா?

கேள்வி: ஆசாரத்துத் தூண் (பெருந்துறை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பூர்வீக வீட்டைப் பழுதுபார்க்கத் தொடங்கியபோது, ஆசாரத்தை (கூடத்தை) ஒட்டிய அறையில் இருந்த மரப்பெட்டியிலிருந்து ஒரு பழைய கம்பளத்தை வெளியே எடுத்தோம். என் அப்பாரு (தாத்தா) ஈரானின் ஆபதான் எண்ணெய் ஆலையில் கணக்கராக வேலை பார்த்தவர். 1951இல் அந்நாட்டின் எண்ணெய்த் தொழில் அரசுடைமையானதை அடுத்து ஊர் திரும்பியபோது அவர் கொண்டுவந்த பொருள்களில் இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். அங்கே வாங்கும்போதே அது பழையதாக இருந்தது என்று அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நீளம் 11 அடி. அகலம் ஒரு முனையில் 3 அடி 5 அங்குலம், மறுமுனையில் 3 அடி 2 அங்குலம். கருநீலத் தரையில் நான்கு பெரிய சாய்சதுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக நிற்கின்றன. அவற்றைச் சுற்றி ஆடு, பறவை, சீப்பு போன்ற சிறு உருவங்கள் ஓர் ஒழுங்குக்கும் கட்டுப்படாமல் தூவியதுபோல் இருக்கின்றன. கரையில் நம் பட்டுச் சேலையில் வரும் மாங்காய் போன்ற வடிவம் ஓடுகிறது. ஏழாவது அடிக்கு மேல் நீலம் திடீரென்று வெளுத்து, ஒன்றரை அடி கழித்து மீண்டும் கருக்கிறது. கடைசிச் சாய்சதுரம் மற்ற மூன்றைவிடக் குட்டையாக அமுங்கியிருக்கிறது. கரும்பழுப்பு நிறம் வரும் இடங்களில் மட்டும் மயிர் தேய்ந்து பள்ளமாகிவிட்டது.

கோவையில் கம்பளம் விற்கும் ஒருவரிடம் காட்டினேன். நிறம் மாறியதும் அகலம் குறைந்ததும் நெசவுக் குறைகள் என்றும், இரு ஓரங்களையும் வெட்டி நேராக்கி, மருந்து போட்டுக் கழுவி நிறத்தைச் சமப்படுத்தினால்தான் மதிப்பு வரும் என்றும் சொன்னார். வருகிற தை மாதம் தம்பியின் கல்யாணத்தில் ஆசாரத்தில் விரிக்கலாம் என்று அம்மாவுக்கு ஆசை. இது பழங்குடியினர் நெய்ததுதானா, நிறம் மாறியதைக் குறை என்று கொள்ள வேண்டுமா, அவர் சொன்னபடி செய்யலாமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: குழித்தறி (பவானி)

அம்மிணி, முதலில் கத்தரிக்கோலை அதன் பக்கம் கொண்டுபோக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றதைப் பொறுமையாகப் பேசலாம்.

நாங்கள் மூன்று தலைமுறையாக ஜமக்காளம் நெய்கிறவர்கள். ஜமக்காளத்தில் குறுக்கே ஓடும் ஊடை நூலே, நீளவாட்டில் நிற்கும் பாவு நூலை முழுவதும் மூடி நிறத்தைக் காட்டும். உங்களிடம் உள்ளதைப் போன்ற மயிர்க் கம்பளத்தில் நிறத்தைக் காட்டுவது முடிச்சு. இரண்டிரண்டு பாவு இழைகளின்மேல் ஒரு துண்டுக் கம்பளி நூலைச் சுற்றி, முனைகளை முன்னால் இழுத்து அறுத்து, இப்படி ஒரு வரிசை முடிந்த பிறகு ஊடையை ஓட்டி, கனமான சீப்பால் அடித்து இறுக்குவார்கள். ஊடை ஒவ்வொரு முறையும் ஓரத்தில் உள்ள தடித்த பாவைச் சுற்றித்தான் திரும்பும். அந்த ஓரத்தை வெட்டினால் ஊடை திரும்பும் இடமே போய்விடும். அதன்பின் எந்தத் தையல் போட்டாலும் உள்ளிருக்கும் முடிச்சுகள் ஒவ்வொன்றாக நெகிழும். குஞ்சமும் அப்படித்தான்: அது அலங்காரத்துக்காகப் பிறகு தைத்துச் சேர்த்த பொருளன்று, பாவு நூலின் முனைகளே அங்கே வெளியே வந்து நிற்கின்றன.

அகலம் மூன்று அங்குலம் குறைந்ததற்குக் காரணம் தறியில் இருக்கிறது. எங்கள் குழித்தறி வீட்டுக்குள் பள்ளம் வெட்டி நிலையாக நிற்பது. பாவின் இறுக்கம் மாறினால் உடனே தெரியும், சரிசெய்வோம். ஈரானில் மந்தையோடு நடக்கும் குடிகளின் தறியோ தரையில் படுத்திருப்பது. நான்கு முளைகளை அடித்து, இரண்டு மரக்கட்டைகளை அவற்றில் கட்டி, இடையே பாவை நீட்டிவிடுவார்கள். நெய்யும் பெண் நெய்து முடித்த பகுதியின் மேலேயே உட்கார்ந்து முன்னோக்கி நகர்ந்துகொண்டே போவாள். மந்தை கிளம்பும் நாள் வந்தால் முளையைப் பிடுங்கி, பாவோடு சேர்த்துச் சுருட்டி, சுமைவிலங்கின்மேல் ஏற்றி, அடுத்த முகாமில் மீண்டும் முளை அடிப்பார்கள். ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் இறுக்கம் முன்போல் அமைவதில்லை. அத்தகைய தறியில் ஓரம் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தால்தான் நான் வியப்பேன்.

சுமந்து போகும் கட்டைகள் எவ்வளவு நீளமோ, பக்கத்தில் பக்கமாக உட்காரும் ஒருவர் இருவரின் கை எவ்வளவு எட்டுமோ, அவ்வளவே அகலம். நீளத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, பாவை நீட்டினால் போதும். எங்கள் ஊரில் விருந்துக்கு வரிசையாக உட்காருவதற்கென்று குறுகலாக, நீளமாக நெய்யும் பந்தி ஜமக்காளத்தைப் பார்த்திருப்பீர்கள். அது உட்காரும் முறையால் வந்த அளவு. இவர்களுடையது பயணத்தால் வந்த அளவு.

கம்பளத்தைத் திருப்பிப் போட்டு நான்கு விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். பாவு பருத்தியா கம்பளியா, வெள்ளையா பழுப்பா? ஊடை என்ன நிறம்? ஓரத்தை எந்த நிற நூலால் சுற்றியிருக்கிறார்கள்? நீலம் மாறும் இடம் பின்புறத்திலும் அதே வரியில் மாறுகிறதா? கடைசிக் கேள்விக்கான விடைதான் முக்கியம். வெயில் பட்டு வெளுத்திருந்தால் முன்புறம் மட்டும் திட்டுத்திட்டாக வெளுத்திருக்கும். பின்புறம் பழைய நிறத்தோடு இருக்கும்.

மறுமொழி: சாயப்பட்டறை (திருப்பூர்)

நீலம் மாறியதைப் பற்றி நான் சொல்கிறேன். இருபது ஆண்டுகளாக என் பிழைப்பே அதுதான். இங்கே பின்னலாடையில் ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் ஷேடு மாறினால் துணி முழுவதும் திரும்பி வந்துவிடும். ஆகவே அந்த வியாபாரி குறை என்று சொன்னதன் பின்னணி எனக்குப் புரிகிறது. ஆனால் நம் அளவுகோலை அந்தக் கம்பளத்தின்மேல் வைக்கக் கூடாது.

அவுரி நீலம் மற்றச் சாயங்களைப் போல் கொதிக்க வைத்து ஏற்றுவதன்று. நீலம் தண்ணீரில் கரையாது. தொட்டியைப் புளிக்க வைத்து, அதை மஞ்சள் கலந்த பச்சை நிறக் கரைசலாக்கி, அதில் கம்பளியை முக்கி எடுத்துக் காற்றில் காட்டினால்தான் கண்ணெதிரே நீலமாக மாறும். ஒருமுறை முக்கினால் வெளிர்நீலம். பலமுறை முக்கினால் கருநீலம். தொட்டியில் சத்துக் குறையக் குறைய, அதே எண்ணிக்கையில் முக்கினாலும் நிறம் வெளுத்துத்தான் வரும். ஒரு குடும்பம் தன் ஆட்டு மயிரைக் கையால் நூற்று, சிறு சிறு சிட்டங்களாகச் சாயமேற்றி நெய்யும்போது, 11 அடிக்கு வேண்டிய நீலம் முழுவதும் ஒரே தொட்டியில் கிடைப்பது அரிது. கையால் நூற்ற நூலில் தடிமனும் முறுக்கும் இடத்துக்கு இடம் மாறுவதால், சாயம் குடிக்கும் அளவும் மாறும். இந்த நிறமாற்றத்துக்குக் கம்பளக்காரர்கள் அப்ரஷ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பழங்கம்பளத்தை விரும்புகிறவர்கள் அதைத் தேடிப் பார்த்து வாங்குகிறார்கள். பெரிய நீலப் பரப்பு ஒரே நிறமாக இருந்தால் அது வெறும் தரையாகக் கிடக்கும். அப்ரஷ் ஓடும்போது அதே பரப்பு கிணற்று நீர் போல ஆழமும் மேலுமாக அசையும். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று தோன்றும்.

கரும்பழுப்பு தேய்ந்ததற்கும் சாயமே காரணம். சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து வேரையும் படிகாரத்தையும் சேர்ப்பார்கள். படிகாரம் கம்பளிக்கு அதிகம் தீங்கு செய்யாது. கறுப்புக்கும் கரும்பழுப்புக்கும் மாதுளைத் தோல், அக்ரூட் தோல் போன்ற துவர்ப்புப் பொருள்களோடு இரும்புச் சத்தைச் சேர்ப்பது வழக்கம். நம் நாட்டில் அன்னபேதி என்ற இரும்பு உப்பு செய்யும் வேலை அதுதான். இரும்பு பல ஆண்டுகளில் மயிரை உள்ளிருந்து அரித்து உதிர்த்துவிடும். பக்கத்தில் உள்ள சிவப்பும் நீலமும் தேயாமல் நிற்பதால், செதுக்கிய சிற்பம்போல் உருவங்கள் மேலெழுந்து தெரியும். எல்லா நிறமும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் காலடி பட்ட தேய்மானம் என்பேன். கரும்பழுப்பு மட்டும் தேய்ந்திருக்கிறது என்று நீங்கள் சொல்வதால் இது இரும்பின் வேலை என்றே கருதுகிறேன்.

மருந்துக் கழுவல் வேண்டவே வேண்டாம். நிறத்தைத் தணிக்கப் பயன்படுத்தும் குளோரின், கம்பளி மயிரின் மேலுள்ள செதில்களைத் தின்றுவிடும். கழுவிய அன்று பளபளப்பாகத் தெரியும். பிறகு மயிர் நொறுங்கத் தொடங்கும். நீலத்தைச் சமப்படுத்த எந்த மருந்தும் கிடையாது. கருநீலத்தை வெளுக்கலாம், வெளுத்ததைக் கருக்க முடியாது.

ஒரு சோதனையை மட்டும் நீங்களே செய்யலாம். மயிரை விரலால் பிளந்து அடியைப் பாருங்கள். நுனி சாம்பல் பூத்து, அடி மட்டும் கண்ணைக் குத்தும் ஊதாவாகவோ ரோஜா நிறமாகவோ இருந்தால் அது தொடக்ககாலச் செயற்கைச் சாயம். 1856இல் முதல் அனிலின் சாயம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அவை பாரசீகத்துக்கும் போய்ச் சேர்ந்தன. அவை விரைவில் வெளுத்ததால் கம்பளங்களின் பெயர் கெட்டு, அரசே தடை விதிக்கும் நிலை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏற்பட்டது.

மறுமொழி: கெனாரே (கோயம்புத்தூர்)

நான் துணி வடிவமைப்புக் கற்பிக்கிறவன். பவானி அண்ணா எழுதியதில் ஒன்றைத் திருத்த விரும்புகிறேன், அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். குறுகிய நீளக் கம்பளங்கள் எல்லாமே பயணத் தறியில் பிறந்தவை என்று கொள்ள முடியாது. பாரசீக வீடுகளின் வரவேற்பு அறையில் நடுவே ஒரு பெரிய கம்பளமும், அதன் இருபுறமும் இரண்டு குறுகிய கம்பளங்களும், தலைமாட்டில் குறுக்காக ஒன்றும் விரிப்பது பழைய வழக்கம். பக்கத்தில் விரிப்பதற்குக் கெனாரே என்று பெயர். கெனார் என்றால் ஓரம், நீர்க்கரை என்றெல்லாம் பொருள்; நம் மொழியில் கரை என்ற சொல் சேலைக்கும் ஆற்றுக்கும் பொதுவாக இருப்பதைப் போன்றதே இது. அந்தத் தேவைக்காக ஹமதான் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் குர்திஸ்தானிலும் ஈரானின் அஜர்பைஜான் பகுதியிலும் நிலைத்தறியில் ஏராளமான கெனாரேக்கள் நெய்யப்பட்டன. வியாபாரிகள் இவை அனைத்தையும் பழங்குடிக் கம்பளம் என்றே விற்றுவிடுகிறார்கள். ஹமதான் கிராமத்துக் கம்பளத்தில் பாவு பருத்தியாக இருக்கும். முடிச்சு வரிசைகளுக்கிடையே ஒரே ஒரு ஊடை ஓடுவதால் பின்புறத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். பாவும் ஊடையும் கம்பளியாக இருந்தால்தான் மந்தைக் குடிகளின் கை என்று பேசத் தொடங்கலாம்.

அந்தக் குடிகளும் ஒரே இனத்தவர் அல்லர். தென் ஈரானின் ஷீராஸ் நகரைச் சூழ்ந்த ஃபார்ஸ் பகுதியில் துருக்கிய மொழி பேசும் கஷ்காய்கள் இருக்கிறார்கள். அதே பகுதியில் 1860களின் தொடக்கத்தில், அப்போது ஈரானை ஆண்ட கஜார் அரசு ஐந்து குடிகளை இணைத்து உருவாக்கிய கம்சே கூட்டமைப்பு இருக்கிறது. கம்சே என்ற அரபுச் சொல்லுக்கே ஐந்து என்றுதான் பொருள். சாக்ரோஸ் மலைத்தொடரில் லூர்களும் பக்தியாரிகளும், கெர்மான் பக்கம் அஃப்ஷார்களும், கிழக்கே பலூச்சிகளும் நெய்தார்கள். ஆபதான், லூர், பக்தியாரி மலைப்பகுதிகளை அடுத்த குசெஸ்தான் மாகாணத்தில் இருப்பதால் லூர் அல்லது பக்தியாரி நெசவு உங்கள் அப்பாருவின் கைக்கு எளிதில் வந்திருக்கலாம். ஆனால் வாங்கிய ஊரை வைத்து நெய்த ஊரைச் சொல்ல முடியாது. பாவும் ஊடையும் ஓரமும் பேசட்டும்.

முடிச்சையும் பார்க்கச் சொல்வார்கள்; அதில் ஒரு குழப்பம் உண்டு. நூல் முனைகள் இரண்டும் இரு பாவுகளுக்கு நடுவே ஒன்றாக வெளிவந்தால் துருக்கி முடிச்சு. ஒரு முனை தனியே ஒரு பக்கமாக வெளிவந்தால் பாரசீக முடிச்சு. பாரசீக முடிச்சுக்குச் சென்னே என்ற ஊரின் பெயரையும் வைத்திருக்கிறார்கள். ஆனால் இன்று சனந்தாஜ் எனப்படும் அந்த ஊரார் காலங்காலமாகப் போட்டதோ துருக்கி முடிச்சு. கஷ்காய் நெசவில் இரண்டும் வரும். ஆகவே முடிச்சை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

உருவங்களுக்குப் பொருள் சொல்லும் பட்டியல்கள் நிறைய உலவுகின்றன. நான் அவற்றை நம்புவதில்லை. உங்கள் கரையில் ஓடும் மாங்காயையே எடுத்துக்கொள்வோம். பாரசீகத்தில் அதற்குப் போத்தே என்று பெயர்; அந்தச் சொல்லுக்குப் புதர், செடி என்று பொருள். ஒரே வளைவை அவர்கள் செடியாகக் கண்டார்கள், நாம் மாங்காயாகக் கண்டோம். நெய்த பெண் என்ன நினைத்தாள் என்பதை அவள் இல்லாமல் நாம் எழுதிவிட முடியாது. நமக்குத் தெரிவது அவள் வேலை செய்த விதம். நகரப் பட்டறையில் கட்டம் போட்ட தாளில் வரைந்த படத்தைப் பார்த்து முடிச்சுப் போடுவார்கள். மந்தைக் குடிப் பெண்ணுக்குத் தாள் கிடையாது. தாயின் கம்பளமும் தன் நினைவும்தான். அதனால்தான் ஓர் ஆடு பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும், ஓரிடத்தில் பறவையும் எதிரிடத்தில் சீப்பும் வருகின்றன. கடைசிச் சாய்சதுரம் அமுங்கியதும் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பாவு முடியப்போகிறது என்பதைக் கண்டு, வடிவத்தைப் பாதியில் வெட்டாமல், உயரத்தைக் குறைத்து முழுமையாக முடித்திருக்கிறாள்.

கஷ்காய்கள் பாரசீக வளைகுடாவை ஒட்டிய குளிர்கால மேய்ச்சலிலிருந்து ஷீராசுக்கு வடக்கே உள்ள கோடை மலைகளுக்கு ஆண்டுதோறும் பல நூறு கிலோமீட்டர் நடந்தவர்கள். 1930களில் ஈரான் மன்னர் ரெசா ஷாவின் அரசு மந்தைக் குடிகளை வலுக்கட்டாயமாக ஓரிடத்தில் குடியமர்த்தியபோது மந்தைகள் அழிந்தன, நெசவும் நலிந்தது. ஃபார்ஸ் பகுதியின் கம்பள நெசவுத் திறனை யுனெஸ்கோ 2010இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாம் பவானி ஜமக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடு வாங்கியும் தறிகளின் எண்ணிக்கையைக் காப்பாற்ற இன்னும் போராடுகிறோம் என்பதால், அந்த இழப்பின் கனம் இந்தப் பகுதியில் இருப்பவர்களுக்கு விளக்காமலே புரியும்.

மறுமொழி: ஆசாரத்துத் தூண் (பெருந்துறை)

மூவருக்கும் நன்றி. இன்று காலை அம்மாவும் நானும் கம்பளத்தைக் கட்டிலின் மேல் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். பாவு பால்வெள்ளைக் கம்பளி. ஊடை இரண்டு இழை, மங்கிய சிவப்பு. ஓரத்தைச் சிவப்பும் நீலமுமாக மாற்றி மாற்றிச் சுற்றியிருக்கிறார்கள், முறுக்கிய கயிறுபோல் தெரிகிறது. ஒரு முனையில் நான்கு விரற்கடை அகலத்துக்கு மயிரில்லாத கோடுபோட்ட முந்தி இருக்கிறது. மறுமுனையில் அது தேய்ந்துபோய்விட்டது. மயிரைப் பிளந்து பார்த்த இடத்திலெல்லாம் அடிக்கும் நுனிக்கும் நிறம் ஏறத்தாழ ஒன்றே. நீலம் பின்புறத்திலும் மாறுகிறது, ஒரே வரியில், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை. ஒரே ஓர் இடத்தில், ஒரு பறவையின் வயிற்றுக்குக் கீழே, கருநீலம் மூன்று விரல் உயரத்துக்குத் தனியே மேலேறியிருக்கிறது.

மறுமொழி: குழித்தறி (பவானி)

அது போதும். மிச்சமிருந்த பழைய நீல நூலை அந்த இடத்தில் முடித்திருக்கிறாள். மற்ற இடங்களில் புதுத் தொட்டி நூல் தொடங்கிவிட்டது. கையில் நூல் தீர்ந்த நாளை நெய்தவள் தெரிந்தே எழுதிவைத்ததுபோல் இருக்கிறது. கம்பளத்தின் நீளவாட்டில் கையால் தடவிப் பாருங்கள். எந்த முனையை நோக்கித் தடவும்போது மயிர் படிகிறதோ, நெசவு தொடங்கியது அந்த முனை. குட்டைச் சாய்சதுரம் அதற்கு எதிர்முனையில் இருந்தால் பாவு முடியப்போவதைக் கண்டு குறைத்தாள் என்று கோவைத் தம்பி கெனாரே சொன்னது உறுதியாகிவிடும். அவருடைய திருத்தத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். தலைமாட்டுக் கம்பளம் பற்றி இன்றுதான் அறிந்தேன்.

மறுமொழி: கெனாரே (கோயம்புத்தூர்)

வெள்ளைக் கம்பளிப் பாவு, சிவந்த ஊடை, இருநிறம் மாற்றிச் சுற்றிய ஓரம் ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதால் ஃபார்ஸ் பகுதி என்றும், பெரும்பாலும் கஷ்காய் கை என்றும் சொல்லத் துணிவேன். கம்சே, லூர் நெசவுகளில் பாவு பழுப்பாக இருப்பதே மிகுதி. வயதைப் பொறுத்தவரை, சாயங்களையும் அப்பத்தாவின் சொல்லையும் சேர்த்துப் பார்த்தால் நூறு ஆண்டைத் தாண்டியிருக்க இடமிருக்கிறது. நேரில் பார்க்காமல் அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

கல்யாணத்தில் விரிக்க வேண்டாம். நாற்காலிக் கால்களும் செருப்பு மண்ணும் அரித்த பழுப்பு இடங்களை ஒரே நாளில் முடித்துவிடும். தேய்ந்த முனையில் பாவு நூல்களை மட்டும் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டித் தையலிட்டு, இழப்பை அங்கேயே நிறுத்துங்கள்; புதிய முந்தி நெய்து ஒட்ட வேண்டாம். இருபுறமும் மெல்லிய வலைத்துணியைப் பிடித்துக்கொண்டு தூசி உறிஞ்சியால் மென்மையாக எடுங்கள். அந்துப்பூச்சி பின்புறத்திலும் முட்டையிடும். வைக்கும்போது மடிக்காமல், மயிர் படியும் திசையில், துவைத்த பருத்தித் துணி சுற்றிய உருளையின்மேல் சுருட்டுங்கள். மரத்தின் அமிலம் கம்பளியில் ஏறும் என்பதால் மரப்பெட்டியில் நேரடியாக வைக்காதீர்கள்.

மறுமொழி: ஆசாரத்துத் தூண் (பெருந்துறை)

தடவிப் பார்த்துவிட்டேன். குட்டைச் சாய்சதுரம் நெசவு முடிந்த முனையில்தான் இருக்கிறது. அகலம் குறைந்த முனையும் அதுவே.

அம்மாவிடம் இந்த மறுமொழிகள் அனைத்தையும் படித்துக் காட்டினேன். கம்பளத்தை ஆசாரத்துத் தரையில் விரிப்பதற்குப் பதிலாக, வெயில் படாத வடக்குச் சுவரில், மேல்முனை முழுவதும் பட்டைத்துணி தைத்து அதற்குள் கழி செலுத்தி, கனம் ஓரிடத்தில் விழாதபடி கல்யாணத்துக்கு மூன்று நாள்கள் மட்டும் தொங்கவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். நெசவு தொடங்கிய முனை கீழே வரும். பார்ப்பவர்கள் நெய்தவள் போன வழியிலேயே கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு போகலாம். பந்திக்கு விரிக்கப் பவானி அண்ணாவிடமே பந்தி ஜமக்காளம் நெய்யக் கொடுக்க விரும்புகிறோம். பன்னிரண்டு வேண்டும், தைக்குள் முடியுமா என்று சொல்லுங்கள். நீலம் ஒரே தொட்டியில் வராவிட்டாலும் பரவாயில்லை என்று அம்மா சொல்லச் சொன்னார்.